எல்லாக் கடைக்கும் ஒரே சர்வர்

செல்வராணிக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பதினான்கு. இரண்டில் எது அதிகம் களைத்திருந்தது என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. குளத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் சலூனுக்கும் நடுவில் அவள் கடை இருந்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் போட்டுத் தருவாள். வாசலில் பெரிதாகப் பெயர்ப்பலகை உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் அது செல்வராணி கடைதான்.

கடை திறந்த வருடம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. காலையில் சுவிட்சைப் போட்டால் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குப் பிறகுதான் கண்ணைத் திறக்கும். சூடேறி நின்றுவிடுகிறது என்று பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு, கடையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சித்திரை வெயிலில் அவள் முந்தானையால் விசிறிக்கொள்வாள், காற்று கம்ப்யூட்டருக்குப் போகும். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அவள் கணவர் வசந்தகுமார், தன்னை அவள் ஒரு நாளாவது இப்படிக் கவனித்ததுண்டா என்று கேலி செய்வார்.

புதிது வாங்க நினைக்காமல் இல்லை. இரண்டு முறை பணம் சேர்த்தாள். முதல் முறை மாமியாரின் கண் ஆபரேஷனுக்குப் போயிற்று. இரண்டாம் முறை நாத்தனார் மகளுக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் சீர் குறைந்தால் ஊர் என்ன பேசும் என்று வசந்தகுமார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை விவரமாக ஓர் ஏலச்சீட்டில் சேர்ந்தாள். வைகாசியிலேயே சீட்டை எடுத்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் ஏலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய தள்ளு அதிகமாகப் போனது, எடுத்தால் ஒன்பதாயிரம் நஷ்டம். இரண்டு மாதம் பொறுத்தால் நஷ்டம் பாதியாகும் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் தப்பு கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் யார் கடைக்கு வரப்போகிறார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

இங்கே சர்வரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ஆன்லைன் கடைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் 'சர்வர் டவுன்' என்றால் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு, நாளைக்கு வாரேன் என்று கிளம்பிவிடுவார்கள். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மழை பெய்யாததற்கு யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாதல்லவா, அதுபோலத்தான்.

முதலில் உண்மையாகவே சர்வர் படுத்த நாட்களில்தான் செல்வராணி அப்படிச் சொன்னாள். பிறகு இருபதடி தள்ளி செம்மல் என்பவன் ஒரு கடை போட்டான். இரண்டு புதுக் கம்ப்யூட்டர், ஏசி, குடிக்கத் தண்ணீர். தன் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று சொன்னால் வந்தவர் அங்கே போய்விடுவார். போனவர் திரும்ப மாட்டார். அதனால் கம்ப்யூட்டர் நின்றுபோன நாட்களிலும் சர்வர்மேல் பழியைப் போட்டாள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. பொய் இவ்வளவு சுலபமாகப் போய்விட்டால் யாருக்குத்தான் அதை விட மனம் வரும். அப்படி நினைத்துத்தான் அவளும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆத்மநாதன் வந்தது ஒரு புதன்கிழமை. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் கொத்தனார். அவர் மகள் தேவிப்ரியா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அரசு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி. புதன்கிழமை கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. சர்வர் என்றாள். வியாழக்கிழமை பாதியில் நின்றது. சர்வர் என்றாள். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த மனிதர், "பாவம், நீங்க என்ன தங்கச்சி பண்ணுவீங்க" என்று அவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். படிவம் மொத்தம் ஐந்து பக்கம். நான்காவது பக்கத்தில் அம்பு சுற்ற ஆரம்பித்தது. அணைத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் நின்றது. மணி நாலாகப் போனபோது ஆத்மநாதன் எழுந்து நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. அங்கிட்டு செம்மல் கடையில ஒரு எட்டு பாக்கட்டுமா?"

"எல்லாக் கடைக்கும் ஒரே சர்வர்தாண்ணே. அங்க போனாலும் இதே கதைதான்."

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. கம்ப்யூட்டர் பழசானது அவள் குற்றமில்லை. சீட்டைத் தள்ளிப் போட்டதைக்கூடக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் இருபதடி நடக்கத் தயாராக இருந்தார். அதைத் தடுத்தது அவள் வாய்தான்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நாலே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் வந்தது. தேவிப்ரியாவின் போனுக்கு ஓடிபி வந்தது. அவள் படித்துச் சொல்லச் சொல்ல செல்வராணி தட்டினாள். கடைசி எண்ணைத் தட்டுவதற்குள் திரை முழுக்க நீலமாகி, கம்ப்யூட்டர் தானே அணைந்தது. திரும்ப எழுந்து பக்கம் திறந்தபோது மணி ஐந்து நாலு. விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி இருந்தது. மூன்று பேரும் அதைப் படித்தார்கள்.

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தகுமாரிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் சீட்டு நடத்துகிறவருக்குப் போன் போட்டு, எவ்வளவு தள்ளு போனாலும் பரவாயில்லை, இந்த மாதம் எனக்கு வேண்டும் என்றாள். நேற்று வரை ஒன்பதாயிரத்துக்கு யோசித்தவள், இன்று தள்ளு பதினோராயிரம் போனதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் ஆத்மநாதன் மறுபடி வந்துவிட்டார். திட்டத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வந்தது மனு அடிக்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும். சர்வர் கெட்டுப் போனதால் மகளுடைய ஒரு வருடம் வீணாகிறது, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்கப் போகிறாராம். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சர்வர் வேலை செய்யாத காரணத்தால் என்று அடித்தாள். கடைசியில் அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஆன்லைன் மையம் நடத்தும் திருமதி செல்வராணி அவர்களே இதற்குச் சாட்சி. தன் பெயரைத் தானே அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. காசு வேண்டாம் என்றாள். தொழிலில் அப்படிப் பார்க்கக் கூடாது என்று அவர் மேசையில் முப்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. திருக்கோகர்ணத்தில் கடை வைத்திருக்கும் உதயசூரியன் என்பவர் பொருத்திக் கொடுத்தார். சந்தனம், குங்குமம் வைத்து, பக்கத்துக் கடைகளுக்கு லட்டு கொடுத்தாள். செம்மலுக்கும் கொடுத்தாள். சுவிட்சைப் போட்டு விரலை எடுப்பதற்குள் திரை வந்தது. எட்டு நிமிடத்தில் ஒரு விண்ணப்பம் முடிந்தது. முடியும்போதெல்லாம் அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. எட்டு நிமிடந்தான் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு நாள் நிஜமாகவே சர்வர் படுத்துவிட்டது. வந்தவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு குழறியது. செம்மல் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று தானே அனுப்பி வைத்தாள். அவர் அங்கும் ஆகவில்லை என்று திரும்பி வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்றார். அதற்கும் அவளுக்குக் குறுகுறுத்தது.

ஒரு மாதம் கழித்து ஆத்மநாதன் ஒரு கவரோடு வந்தார். மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். அவள் படித்தாள். குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணி வரை இணையதளம் தடையின்றிச் செயல்பட்டது. மனு ஏற்கத்தக்கதல்ல. அடுத்த ஆண்டு விண்ணப்பித்துக்கொள்ளவும்.

ஆத்மநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்புடி வாய் கூசாம பொய் சொல்றாங்க பாருங்க. நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தீங்கள்ல. திங்கக்கிழமை நீங்களும் என்கூட வாங்க. நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

கடையில் வேறு யாரும் இல்லை. செல்வராணி அந்தக் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அழுதுகொண்டே சொல்லலாம் என்று நினைத்தாள். அழுதால் அவர் தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

"சர்வர் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. எங் கம்ப்யூட்டருதான் கெட்டுப் போயிருந்துச்சு. மூணு நாளும் நான் சொன்னது பொய்."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. "அப்ப செம்மல் கடைக்குப் போயிருந்தா?"

"ஆயிருக்கும்ணே."

ஆத்மநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே போய் அந்த இருபதடி தூரத்தில் இருந்த கடையைப் பார்த்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்து, கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பச் சொன்னார். போலீஸுக்கா, கலெக்டர் ஆபீஸுக்கா என்று கேட்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

"வீட்டுக்கு வாங்க. எம் புள்ள அன்னையிலேர்ந்து ஒழுங்காச் சாப்புடல. ஓடிபிய நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன், என்னாலதான் போச்சுன்னு கெடந்து அழுவுது. சர்வருதாம்மான்னு நான் எத்தனை தடவ சொல்லியும் அது நம்பல. நீங்க வந்து உள்ளதச் சொல்லுங்க."

அவருடைய எக்ஸெல் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனாள். ஊருக்கெல்லாம் பூசிக் கொடுக்கிற கொத்தனாரின் வீட்டில் சுவர் இன்னும் பூசாமல் இருந்தது. அவர் மனைவி பிரகதாம்பாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். தேவிப்ரியா மெலிந்திருந்தாள். செல்வராணி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செம்மல் கடைக்குப் போக விடாமல் தடுத்ததையும் சொன்னாள்.

"நம்பர நான் தப்பாச் சொல்லலையாக்கா?" அந்தப் பெண் கேட்டது இது ஒன்றைத்தான்.

"இல்ல பாப்பா. நீ சரியாத்தான் சொன்ன. எல்லாத் தப்பும் என்னோடது."

தேவிப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். யாரும் தடுக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பசிக்குதும்மா என்றாள்.

பிரகதாம்பாள் அதுவரை செல்வராணியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. செல்வராணியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்தாள். ஒன்றை மகள் முன்னால் வைத்தாள். இன்னொன்றைச் செல்வராணி முன்னால் டங்கென்று வைத்து, சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். திட்டியிருந்தால் எழுந்து போயிருக்கலாம். சோறு போட்டதால் செல்வராணி உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.