கழுத்துக்குக் கீழே யாரோ

வெள்ளவத்தையில் அப்பப்பாவும் அப்பம்மாவும் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்டுக்குள் ஏறியதும், ஐந்தாம் மாடிப் பத்மா அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வைரவிழாப் படத்தில நல்ல உயரமா நிண்டீர். இப்ப கட்டையாப் போனீர் போல" என்றார். நான் கடைசியாகக் கொழும்பில் கால் வைத்து ஒன்பது வருடங்கள். அன்ரி கிருலப்பனையிலிருந்து இங்கே குடிவந்து இரண்டு வருடங்கள்தான். நோர்வேயில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை என் பெயரைக் கேட்டதில்லை. இங்கே முதன்முதலாகக் காணும் ஒருவர் என் உயரத்துக்குக் கணக்குக் கேட்கிறார்.

குற்றம் என்னுடையதுதான். அப்பப்பாவும் அப்பம்மாவும் கலியாணம் கட்டி அறுபது வருடம் நிறைந்தபோது, என் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளிக்கிட முடியாது. அழுது தீர்த்த பிறகு, கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவுக்கு விழாப் படத்தையும் என் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, என்னையும் நடுவில் சேர்த்து, சட்டம் போட்டு வீட்டில் கொடுக்கச் சொன்னேன். பனிக்கோட்டோடு நான் அனுப்பிய தலை, கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டிய ஓர் உடம்பின்மேல் ஏறி, அப்பப்பாவைவிட ஒரு சாண் உயரமாக வந்து நின்றது.

வேலையிடத்தில் ஒரு நோர்வேக்காரத் தோழி அந்தப் படத்தைப் பார்த்து, பயணம் எப்படி என்று கேட்டாள். நான் போகவில்லை, இது அவர்களுக்கு அன்பளிப்பு என்றேன். செத்தவீட்டுச் செய்தி கேட்டதுபோல் என் கையைப் பிடித்து, "வருந்துகிறேன்" என்றாள். அங்கே வராதவர் வராதவர்தான். வெள்ளவத்தையில் வராதவருக்கும் சேலை கட்டி நிறுத்திவிடுவோம். என்னைப் போல வெளியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அப்பப்பாவை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். நீதிமன்றத்தில் இலிகிதராக வழக்குக் கோப்புகள் எழுதி ஓய்வு பெற்றவர்; சாட்சியில்லாமல் பேசமாட்டார். முதலில் மாடி ஆக்களுக்குப் படத்தைக் காட்டி, "பேத்தி நிக்கிறா, பாருங்கோ" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். பிறகு கதை வளர்ந்துவிட்டது. "நீ வந்து சமைச்சதாம். கத்தரிக்காய்க் குழம்பு நல்லா இருந்ததாம்" என்று அப்பம்மா சிரிக்காமல் சொன்னார்.

இந்த முறை நான் வந்ததே அப்பப்பாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்குத்தான். "அண்டைக்கு அந்தச் சீலையக் கட்டு. மாடி ஆக்கள் எல்லாரும் வருவினம்" என்றார் அப்பப்பா.

"அது என்ர சீலை இல்ல, அப்பப்பா."

"படத்தில நீதானே கட்டியிருக்கிற."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீ வரேல்ல எண்டு சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது, பிள்ளை. இப்ப ஆரும் பிடிச்சா வெக்கக்கேடு." அவர் சொன்ன பொய் முழுவதும் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

மறுநாள் அந்தச் சேலை யாருடையது என்று கேட்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "பனிக்கோட்டோட சபையில நிக்க வைக்கேலுமா அக்கா? அது ஒரு கலியாண அல்பத்தில இருந்த தோழிப்பொண்ணு. எந்தத் தலைக்கும் பொருந்தும். லண்டன், கனடா, அவுஸ்திரேலியா எண்டு பத்துப் பன்னிரண்டு பேர் அந்த உடம்பிலதான் வந்து போயிருக்காங்க."

காலி வீதியில் மூன்றாவது புடைவைக் கடையில் படத்தைக் காட்டினேன். "இது நீங்கதானே மேடம்? எங்க எடுத்தீங்கன்னு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மை அதுதான். ஏறக்குறைய அதே கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று கிடைத்தது.

பிறந்தநாளன்று என்னைக் கண்டதும் அப்பப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பத்மா அன்ரி மட்டும் கிட்ட வந்து முந்தானைக் கரையைத் தடவிப் பார்த்தார். அவர் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதில் அன்ரிக்குப் பக்கத்தில் மெல்பேர்ணில் இருக்கும் மகள். கத்தரிப்பூ நிறச் சேலை. நல்ல உயரம்.

"என்ர எழுபதுக்கு எடுத்தது."

"மகள் எப்ப வந்தவ, அன்ரி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"உம்மைப் போலத்தான், பிள்ளை." அப்பப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். லிஃப்டுக்குள் என் உயரத்தை அளந்தபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அன்ரி கைபேசியை அப்பம்மாவிடம் கொடுத்தார். "ஒருக்கா எனக்குப் பக்கத்தில நில்லும். மகள் நிண்ட இடத்தில இப்ப மெய்யா ஒராள் நிக்குதுதானே. உம்மட முகம் விழாட்டிலும் பரவாயில்ல."

என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்பம்மா கைபேசியை எங்கள் பக்கம் பிடித்தார். நான் முகத்தைக் கடல் பக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் எடுக்காமல் நின்றேன்.