அம்மா போட்ட எட்டு

எங்கள் வீட்டில் சூரியன் தினமும் இரண்டு முறை மறையும். முதலில் ராஜகிரி மலைக்குப் பின்னால், கொஞ்ச நேரம் கழித்து என் போனில். சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். எந்தச் சூரியன் கணக்கு என்பதில்தான் தகராறு. என் அப்பா, நைனா, மலையின் கட்சி. "கண்ணுக்கு மறைஞ்சா மறைஞ்சதுதான். போனு இன்னா சூரியன கூப்ட்டு வச்சிருக்குதா?" என்பார். அம்மா, தேவைப்படும் நாட்களில் மட்டும், அஸ்தமன நேரம் காட்டும் என் போனின் கட்சி.

அந்த மாசி மாதம் முழுக்க அம்மாவுக்குத் தேவைப்பட்டது. நான் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனமொன்றுக்கு மென்பொருளில் பிழை பார்த்துத் தருகிறேன். என் வேலை முடிவதற்கும் மலை சூரியனை விழுங்குவதற்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அம்மா என் ஸ்கூட்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அம்மா அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். மேற்பார்வையாளர் பதவி உயர்வு வந்திருந்தது. ஒத்துக்கொண்டால் வல்லம், தளவானூர் என்று சுற்றியுள்ள ஊர்களின் மையங்களுக்கெல்லாம் போய்வர வேண்டும். அந்த ஊர்களுக்குப் பஸ் இருக்கிறது. போய் இறக்கிவிட்ட பஸ் எப்போது திரும்பி வரும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. "லைசென்ஸ் கெடச்சா சரின்னு எழுதிக் குடுப்பேன். இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இங்கியே இருந்துக்கிறேன்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். லைசென்ஸ் கிடைக்க எட்டு போட வேண்டும். தரையில் கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

"இந்த வயசுல வுழுந்தா எலும்பு சேராது" என்றார் நைனா.

"சேர்ற வரைக்கும் நீங்க சமைங்க."

அதன்பிறகு நைனா விழுவதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதற்கிடையில் இன்னொரு எட்டும் வந்து சேர்ந்தது. பதவி உயர்வுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு. மனித வாழ்க்கையின் எட்டுப் படிநிலைகளைப் பற்றி அதில் அம்மா எழுந்து நின்று பேச வேண்டும். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொரு வயதிலும் மனதுக்குள் ஓர் இழுபறி நடக்கிறதாம். கைக்குழந்தைக்கு நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையில். நடை பழகும் பிள்ளைக்குத் 'தானே செய்வேன்' என்பதற்கும் வெட்கத்துக்கும் இடையில். இப்படியே போய்க் கடைசியில் நிறைவா விரக்தியா என்பதில் முடிகிறது. எனக்குப் பட்டியல் என்றால் உயிர். மளிகைச் சாமானைக்கூட வகை பிரித்து எழுதுகிறவள் நான். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் அம்மாவுக்கு முன்பே நான்தான் மனப்பாடம் செய்தேன்.

வல்லம் சாலையில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று காலியாகக் கிடந்தது. முதல் நாள் அம்மா கோலமாவில் பெரிய எட்டு ஒன்று வரைந்தாள். இரண்டு வளையமும் ஒரே அளவு, கை நடுக்கமே இல்லாத கோடு. பிறகு வண்டியில் ஏறி, அந்தக் கோட்டை விட்டு விலகியே ஓட்டினாள்.

"கோட்டு மேலயே போம்மா!"

"கோலத்து மேல யாராவது வண்டி ஏத்துவாங்களாடி?"

மறுநாள் மல்லாட்டைத் தோலைக் கொட்டி எட்டு போட்டோம். அதற்கு மரியாதை தேவைப்படவில்லை.

படிநிலைகள் களத்தில் வரிசையாக வந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அம்மா எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் கலந்து கட்டினாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடும்போது "புடிச்சிருக்கியா? புடிச்சிருக்கியா?" என்று கைக்குழந்தை. பிடித்தால் "வுடுடி, நானே போறேன்" என்று இரண்டு வயது. சாலையில் பஸ் வந்தால் "பாக்கிறாங்க!" என்று தலையைக் குனிந்து வெட்கம். ஒருநாள் களத்தோரம் படுத்திருந்த ஆட்டை ஹாரன் அடித்து எழுப்பிவிட்டு, "பாவம், தூங்கிட்டிருந்துச்சு" என்று மூன்றாவது படிநிலையில் வரும் குற்றவுணர்வுக்கும் போனாள்.

இரண்டு எட்டையும் ஒன்றாகப் படித்துவிடும் யோசனை அம்மாவுடையது. இடது வளையத்தில் முதல் நான்கு படிநிலை, வலது வளையத்தில் அடுத்த நான்கு. வாய் சொல்லும், கை வளைக்கும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "நம்பிக்கை, அவநம்பிக்கை" என்று குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் எழும்பும்போது, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பயிற்சி தருகிறவள் சிரிக்கக் கூடாதல்லவா?

இரண்டு வளையமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஐந்தாவது வரும். பதின்பருவம்: அடையாளம், குழப்பம். ஒவ்வொரு முறையும் 'குழப்பம்' என்று சொன்னதுமே அம்மாவின் கால் தரையில் இருக்கும்.

"முன்சக்கரத்தப் பாக்காதம்மா. போற எடத்தப் பாரு."

"சக்கரத்தப் பாக்கலன்னா அது எங்க போவுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஐஞ்சுலயே நின்னுக்கிட்டு இருந்தா ஆறுக்கு எப்ப வருவ?"

"நீ ஆறுல கால ஊனிக்கினு நிக்கிறியே, உன்ன யாராவது கேட்டாங்களா?"

ஆறாவது, இளமை: நெருக்கம், தனிமை. அந்த மாதம் நான் இரண்டு வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஸ்கூட்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

தேர்வுக்கு முந்தின நாளும் அம்மா அதே இடத்தில் கால் ஊன்றினாள். மறுபடியும், மறுபடியும். கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:

"ஏழாவதுல தேக்கம்னு வருதே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஒரே எடத்துல தேங்கி நிக்கிறது."

"அப்ப அது நான்தான். பசங்க வர்றாங்க, பெரிசாயி பள்ளிக்கூடத்துக்குப் போயிடுறாங்க. நான் மட்டும் அதே ரூம்புல. பத்து ஊரு பசங்களப் பாக்கணும்னு ஆசையா இருக்குதுடி." வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, "நாளைக்குக் கால் பட்டுச்சுன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது" என்றாள்.

மலைச் சூரியன் போய்விட்டிருந்தது. போன் சூரியன் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் தேர்வு மைதானத்தில் மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம். வரிசையில் எல்லோரும் கல்லூரிப் பையன்கள், அம்மா ஒருத்திதான் சேலை. வாகன ஆய்வாளரை எங்கள் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்து, நல்லவிதமாகத்தான் கேட்டார்:

"எட்டு வருமாம்மா?"

அதற்கு அடுத்த நாள் பயிற்சி வகுப்பில் பேச வேண்டிய பயமும் அம்மாவின் தலைக்குள் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"வரும் சார். ஒண்ணாவது, நம்பிக்கை, அவநம்பிக்கை. ரெண்டாவது, தன்னிச்சை, வெட்கம். மூணாவது..."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பையன், "இன்னாடா இது, சிலபஸ்ல இல்லியே!" என்று பதறினான். அவ்வளவுதான். வரிசை முழுக்க வெடித்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்ல வேணாம்மா, போட்டுக் காட்டுங்க" என்றார். தான் செய்தது புரிந்ததும் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்க வண்டியில் ஏறினாள். சிரிக்கும்போது ஓட்டினால் விழுந்துவிடுவாள் என்று நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

வண்டி நகர்ந்தது. பழக்கம் விடுமா? ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "நம்பிக்கை, அவநம்பிக்கை" கிளம்பியது.

"அடுத்தது!" என்று பையன்கள் கத்தினார்கள்.

"தன்னிச்சை, வெட்கம்!"

"அடுத்தது!"

இடது வளையம் முடிந்தது. வெட்டும் இடம் வந்தது. நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பின் நுனி லேசாகக் கீழே இறங்கியது. "அடுத்தது!" என்று வரிசையே அலறியது. அம்மா தலையை நிமிர்த்திச் சக்கரத்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தாள். "அடையாளம்!" என்று அவர்களைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டு வலது வளையத்துக்குள் போய்விட்டாள். குழப்பத்தைச் சொல்லவே இல்லை. கால் படவில்லை.

எட்டாவதும் முடிந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. மறுபடி நம்பிக்கையிலிருந்து ஆரம்பித்தாள்.

"அம்மா, போதும்! பாஸ்! பதினாறு போட்டுடாதீங்க!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எறங்க மனசு வரல சார்" என்றது ஹெல்மெட்.

அதுவரை கட்டுப்பாடாக இருந்த நான், ஒரு வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன்.

திரும்பும்போது அம்மா ஓட்டினாள், நான் பின்னால். வழி நெடுக "புடிச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த முறை கேள்வி எனக்காக.

நைனா வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகள் தயாராக இருந்தன. ராஜகிரியின் பின்னால் வானம் சிவந்து கிடந்தது.

"பாஸாயிட்டேங்க. நாளைக்குச் சரின்னு எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள் அம்மா. அப்போதும் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

நைனா அம்மாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறைந்துவிட்ட சூரியனைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"போன்ல இன்னும் இருக்குதா?"

"இருக்குது நைனா."

"அப்ப டைம் இருக்குது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்."

நான் இறங்கிக்கொண்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்து, பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை அவர் குரல் கேட்டது:

"புடிச்சிருக்கியா? ஏய், நல்லாப் புடிச்சிருக்கியா?"

ஒன்றாவது படிநிலை, என்று நான் குறித்துக்கொண்டேன்.