ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு யூரின் பை

பாலை அளக்கிறவர்கள் உண்டு, பொன்னை அளக்கிறவர்கள் உண்டு. நான் இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் மூத்திரத்தை அளந்தேன். வேலூரில் குழந்தைகள் ஆபரேஷன் வார்டு நர்ஸ் வேலை என்றால் அதுதான். பிள்ளையை அங்கே படுக்க வைத்துவிட்டு அளவு டப்பாவும் கையுமாக அலைந்தவர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். எப்போதும் கத்திக்கொண்டிருந்த சிஸ்டர் நான்தான்.

ஒரு சொட்டு கிடையாது

தொண்ணூறுகளில் ஆம்பூரிலிருந்து தீபா என்று ஐந்து வயசுப் பெண் வந்தாள். அடிக்கடி குளிர்காய்ச்சல். ஒண்ணுக்கு முழுசாகக் கீழே வராமல், மூத்திரப்பையிலிருந்து திரும்பி மேலே கிட்னிக்கே ஏறிக்கொண்டிருந்தது. இடது கிட்னி சுருங்க ஆரம்பித்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எக்ஸ்ரே உண்டு. மூத்திரப்பைக்குள் மருந்தை நிரப்பி, மேஜைமேல் படுத்தபடியே போகச் சொல்லிப் படம் எடுப்பார்கள். வீட்டில் தினமும் பாயை நனைக்கிறவள், மேஜையில் ஏறியதும் ஒரு சொட்டு விடவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டோம். டாக்டரே "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்துப் பார்த்தார். படம் எடுக்கிறவருக்குத்தான் அவசரமாக வந்தது, எழுந்து ஓடினார். ஏன் கண்ணு போகமாட்டேங்கற என்று கெஞ்சினேன். தீபா சொன்னாள்: "படுத்த எடத்துல போனா எங்கம்மா அடிக்கும்."

நல்லா இருக்கும்போது மருந்து

அந்த அம்மா கலாவையே உள்ளே கூப்பிட்டு, இன்னைக்கு மட்டும் போலாம் என்று சொல்லவைத்த பிறகுதான் படம் கிடைத்தது. முதலில் தினம் ராத்திரி கொஞ்சம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மூணே மாசத்தில் அனலாகக் கொதிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்து பாதிப் பாட்டில் அப்படியே இருந்தது. இனி ஆபரேஷன்தான் என்றாகிவிட்டது. கலாவை நான் திட்டிய திட்டு மூணு வார்டுக்குக் கேட்டிருக்கும். நானும் யோக்கியம் இல்லை. தலை சுற்றவில்லை என்று என் பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. கலா கேட்டாள்: "காச்சலே இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்கு சிஸ்டர் மருந்து?"

விருந்தாளி வருகிற நேரம்

கிட்னியிலிருந்து வரும் குழாயை மூத்திரப்பையில் வேறு இடத்தில், திரும்பி ஏறாதபடி பதித்துத் தைத்தார்கள். அதன்பிறகு சில நாள் யூரின் சிவப்பாகத்தான் வரும். கட்டிலுக்குக் கீழே தொங்குகிற பிளாஸ்டிக் பையில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு சிவப்பு என்று பார்த்துப் பார்த்து எழுதுவோம்.

மூணாம் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் பையில் நாலே ஸ்பூன். கலா மொத்தத்தையும் கொட்டிவிட்டு, பையைத் துடைத்து, மேலே ஒரு துண்டையும் போர்த்தியிருந்தாள். எவ்வளவு இருந்தது என்றால் தெரியாதாம். திருப்பத்தூரிலிருந்து அவள் நாத்தனார் வந்திருந்தாள். கலா கேட்டாள்: "அவங்க வர்ற நேரத்துல அத தொங்க உடுவாங்களா சிஸ்டர்?"

ரெண்டு ஷேடு ஜாஸ்தி

தீபாவின் அப்பா ஏழுமலை தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். தோல் வாங்குகிற பார்ட்டி கொடுத்த சாம்பிளோடு தோலின் கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. நாத்தனார் கிளம்பியதும் அவர் என்னிடம் வந்து, பையில் சிவப்பு காலையைவிட இப்போ ரெண்டு ஷேடு ஜாஸ்தி என்றார். டியூப்லைட்டில் குனிந்து பார்த்தேன். அதே சிவப்புதான், போங்க என்றேன். மனுஷன் போகவில்லை. கட்டிலை ஜன்னலோரம் தள்ளலாமா என்று கேட்டார். தொல்லை விட்டால் போதும் என்று நானும் ஒரு கை பிடித்தேன்.

வெளிச்சத்தில் பார்த்தேன். அது பீட்ரூட் கலர். எவ்வளவு வந்தது என்று பார்க்கலாம் என்றால் கலா கொட்டிவிட்டாள். தீபாவின் அடிவயிறு கல்லாக இருந்தது. டாக்டரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பைக்கு வரும் ரப்பர் குழாயைக் கழுவிவிட்டதும் அடைத்திருந்த ரத்தக்கட்டி ஒன்று வந்து விழுந்தது, பின்னாலேயே யூரினும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உள்ளே தையல் பிரிந்திருக்கும், கிட்னியும் போயிருக்கும். ஏழுமலை சாதாரணமாகச் சொன்னார்: "டியூப்லைட்ல எல்லா கலரும் நல்லாத்தான் தெரியும் சிஸ்டர். பார்ட்டி ஜன்னல்ல பாத்துதான் திருப்பி அனுப்பறான்."

அதே மேஜை

ஆறு மாசம் கழித்து மறுபடி அதே எக்ஸ்ரே. இந்தத் தடவை கலா பக்கத்திலேயே நின்றாள். ஏறிப் படுத்ததும் தீபா தாராளமாகப் போனாள். மருந்து கீழே மட்டும்தான் போயிற்று, மேலே ஒரு துளி ஏறவில்லை. கலாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். இத்தனை நாள் அவளைத் திட்டியதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

வெளியே வந்து ஏழுமலையிடம் நல்லாயிடுச்சு என்றேன். படத்தைக் கொடுங்க என்று வாங்கி, நேராக ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கம்பெனிக் குரல்: "ம்... பாஸ், சிஸ்டர்."

இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ பெரிய டாக்டர்கள் என் வேலையைப் பார்த்திருக்கிறார்கள், பாஸ் போட்டது என்னவோ அந்தத் தோல் கம்பெனிக்காரர் ஒருத்தர்தான்.