செல்வியாகப் பேசிய ஞாயிறுகள்

எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறவருக்கு ஊர்ப் பேச்செல்லாம் காதில் விழும்; ஒன்றும் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் வேலை. பூத்தில் குப்பை கொட்டிய சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு குரங்குக் கதை வைத்திருக்கிறேன். இப்போது இல்லை, பொறுங்கள்.

வடை வந்த வழி

பிளஸ் டூ எழுதிவிட்டு இந்த லீவில் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அண்ணாச்சியின் பூத்தைப் பார்த்துக்கொள்கிறேன். யார் குரலும் எனக்கு வரும். அண்ணாச்சி குரலிலேயே டீக்கடைக்கு போன் போட்டு வடை வரவழைத்தேன். தின்றுகொண்டே அண்ணாச்சி சொன்னார்: "நான் எப்பம் சொன்னேம்னு எனக்கே ஞாவகம் இல்ல பாத்தியாட்டி!"

வக்கீல் சொன்னது

தையல்கடை பார்வதி அக்கா, புருஷன் அடிக்கிறார் என்று ஏழு வயது மகள் செல்வியோடு இங்கே வந்தவள். அவர் மாஞ்சோலை மலைக்கு பஸ் ஓட்டுகிறவர். கை வைத்ததே இல்லை என்கிறார். ஞாயிறுதோறும் எங்கள் பூத்துக்கு போன் பண்ணி மகளிடம் பேசலாம் என்று கோர்ட்டில் ஏற்பாடு. அப்பா போன் என்றாலே செல்வி தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

அக்கா வக்கீலிடம் ஓடினாள். "அடிச்சதுக்குச் சாட்சி இல்லையே தாயி. பெத்தவருக்குப் பேச உரிமை இருக்கு. பிள்ளை பேசலேன்னா, நேர்ல கூட்டிட்டுப் போறேன்னு கேப்பாரு. கோர்ட்டுல குடுத்தாலும் குடுத்துருவாங்க."

குரங்கு வந்தது

அடுத்த ஞாயிறு அக்கா தனியாக வந்து நின்றாள். மணி அடித்தது. அவள் கை எழவில்லை. நான் எடுத்தேன். செல்வி குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ம்." "சரிப்பா." "சாப்ட்டேம்ப்பா." அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் அந்த மனுஷர் உருகினார். "உடன்குடி கருப்பட்டி வாங்கி வச்சிருக்கேன் மக்கா. மலையில ஒவ்வொரு வளைவுலயும் உன் நெனப்புதான்." கேட்டால் இவரா அடித்திருப்பார் என்று தோன்றும். நிமிர்ந்தால், கண்ணாடிக்கு வெளியே அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்பாள். யாரை நம்ப?

இப்படியே சில ஞாயிறுகள். ஒருநாள் அவர், தன் டிபன் பாக்ஸைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு ஓடி, திறந்து பார்த்து, அவர் கையால் பொங்கிய சோறு என்று தெரிந்ததும் திரும்ப சீட்டிலேயே வைத்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். என்னால் அடக்க முடியவில்லை. செல்வி குரலிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன்.

 அந்தப் பக்கமிருந்து பைய வந்தது: "நீ யாரும்மா? எம் மவ எங்கிட்டச் சிரிச்சதே இல்ல… போன வச்சிராத. இன்னொருக்க சிரி."

ஊரில் எல்லார் குரலும் வருகிற எனக்கு, அந்தச் சிரிப்பு மட்டும் அதற்கப்புறம் வரமாட்டேன் என்கிறது.