பதினொரு மணிக்குத் திரும்பும் குதிரைகள்

என் அப்பா குதிரைக்காரர். ஆனால் எங்கள் குடும்பத்தில் குதிரை ஏறத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது, அப்பாவையும் சேர்த்து. செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் துரையின் குதிரைகளைக் குளிப்பாட்டி, தேய்த்து, சேணம் கட்டிக் கொடுத்தவர் அவர். ஒரு நாளாவது ஏறி உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டால், துரை உட்காருகிற முதுகில் நாம் உட்காருவதா என்று காதைத் தொட்டுக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் துரையும் துரைசானியும் சின்ன துரையும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு சைக்கிளில் வந்த ஜப்பான் சிப்பாய்கள் லாரியை எடுத்தார்கள், பங்களாவில் இருந்த பாட்டுப் பெட்டியை எடுத்தார்கள், கோழிகளை எடுத்தார்கள். லாயத்துக்கு வந்து மூன்று குதிரைகளையும் பார்த்தார்கள். துரையின் செவலைக்கு வயதாகிவிட்டது. சின்ன துரையின் கறுப்புக்கு ஒரு கால் லேசாக இழுக்கும். துரைசானியின் வெள்ளை, தின்று தின்று பானை மாதிரி ஆகியிருந்தது. சிப்பாய்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். 

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் எங்களுக்கு அந்தக் குதிரைகள் தேவைப்பட்டன. திகாம் பத்து பக்கத்துத் தோட்டத்தில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கிருந்து கருவாடு கொண்டுவரும் அண்ணன் ஒருவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

“ஒங்க மருமவன சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. ரயில் ரோடு போடன்னு. நாலு மாசம் ஆவுது. மவளுக்கு இப்ப எட்டு மாசம். லயத்து வீட்டுல தனியா கெடக்குது. பாக்கவே சூசாவா, கஷ்டமா இருக்கு லா.”

அம்மா கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தார். தலைப்பிரசவம். எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. மாமியார் இல்லாத வீடு, புருஷனும் இல்லை. அம்மா அழவில்லை. “நான் போறேன்” என்றார்.

எதில் போவது? கரி போட்டு ஓடும் பஸ் என்றைக்கு வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. பெரிய ரோட்டில் போனால் திடகாத்திரமான ஆளைப் பார்த்ததும் பிடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். தோட்டத்து மாடுகளை எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது. அப்பாவுக்கு ஐம்பது தாண்டியதால் சயாம் பயம் குறைவு, ஆனால் அவ்வளவு தூரம் மூட்டை சுமக்கும் தெம்பும் குறைவு. அப்போது கிராணிதான் சொன்னார், “குதிர மூணு சும்மாதான நிக்கிது?”

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். துரை போன பிறகு எழுத எதுவும் இல்லாமல் கைவிரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திகாம் பத்து டவுனில் அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். தானும் வருவதாகவும், ஜப்பான்காரனிடம் அனுமதிக் கடிதம் தானே வாங்குவதாகவும், குதிரை ஓட்டத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். கடிதம் உண்மையாகவே வந்தது. குதிரை விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நாள் வழி. ரப்பர் காட்டுக்குள்ளேயே தோட்டம் தோட்டமாகப் போய், கூலிம் டவுனைச் சுற்றிக்கொண்டு, மூடா ஆற்றைக் கடக்க வேண்டும். இரண்டு ராத்திரி வெளியில் படுக்க வேண்டும். கூடாரத்துக்குத் துணி எங்கே? கட்டிக்கொள்ளவே துணி இல்லாமல், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் கோணிச் சாக்கில் இருந்தார்கள். புகைக்கொட்டாயில் விற்காமல் அடுக்கிக் கிடந்த ரப்பர் ஷீட்டுகள் என் கண்ணில் பட்டன. நான்கை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்துக் கூரையாக்கினேன். மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராது. வெயிலில்தான் அது உருகி ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் குடலைப் பிடுங்கும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கூடாரத்தைக் குறை சொன்னவர்களோடு நான் பேசுவதில்லை.

அம்மாவின் மூட்டைதான் முக்கியம். சுக்கு, மிளகு, ஓமம், கட்டிப் பெருங்காயம், ஒரு சின்னப் புட்டி நல்லெண்ணெய். பிரசவ மருந்துக்கு வேண்டிய சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். நல்லெண்ணெய்க்குத் தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளை பிறந்தால் போர்த்த, துரைசானி விட்டுப்போன ஜன்னல் திரையில் பாதி. வழிக்கு மரவள்ளிக்கிழங்கு மாவில் புட்டு, வறுத்த தேங்காய், கருவாடு.

பிறகு அம்மாவின் உடை. சேலை கட்டிக்கொண்டு குதிரையில் எப்படிக் கால் போட்டு உட்காருவது? அப்பா பங்களாவுக்குப் போய் துரை சவாரிக்குப் போடும் காற்சட்டையை எடுத்துவந்தார். அம்மா அதைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கிராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“சிரிங்க சிரிங்க” என்றார் அம்மா. “இத போட்டுக்கிட்டு நாளைக்கு நானே பெரட்டு எடுக்குறேன். மொதல்ல ஒங்க பேரத்தான் கூப்புடுவேன்.”

பெரட்டு என்பது விடிகாலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். துரை குதிரையில் வந்து நின்று பார்ப்பார். ஒரு வாரம் காலையில் லாயத்திலிருந்து கிளம்பிப் பழகினோம். நான் கறுப்பில், கிராணி செவலையில், அம்மா பானை வெள்ளையில் தலையணை கட்டிக்கொண்டு. அப்பா எங்களை ஏற்றிவிட்டுவிட்டு லாயத்திலேயே நிற்பார்.

நம்பமாட்டீர்கள், முதல் நாளே குதிரைகள் சொன்னபடி கேட்டன. பெரட்டில் போய் நின்றன. பிறகு பழைய மரக் காட்டுக்குள் நிரை நிரையாகப் போயின. ரப்பர் பால் நிறுக்கும் பால் கொட்டாயில் கொஞ்சம் நின்றன. கிராணிக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா? நான் மனசுல நெனச்சாப் போதும். அங்க நிக்குது!”

சரியாகப் பதினொரு மணிக்கு மூன்றும் லாயத்துக்கு வந்து நிற்கும். அப்பா வாளியில் தண்ணீரோடு காத்திருப்பார். “பதினெட்டு வருசமா இப்புடித்தான், ஒரு நிமிசம் தப்பாது” என்று பெருமையாகச் சொல்வார். ஒவ்வொரு நாளும் அதைச் சொன்னார். எங்களில் ஒருவருக்காவது அது மண்டையில் ஏற வேண்டுமே!

அம்மா மட்டும் குதிரையைத் திட்டிக்கொண்டே இருந்தார். இடுப்பு போச்சு, முதுகு போச்சு என்பார். ஆனாலும் தினமும் இறங்கியதும் அவித்த கிழங்குத் தோலை மடியிலிருந்து எடுத்து வெள்ளைக்கு ஊட்டுவார். கேட்டால், தோலைக் கொட்ட வேறு இடம் இல்லை என்பார்.

கிளம்பிய காலையில் பாதி லயம் வழியனுப்ப வந்தது. கிராணி தொப்பி வைத்திருந்தார். மருந்து மூட்டை அம்மாவின் மடியில். பெரட்டில் நின்றோம், காட்டுக்குள் போனோம், பால் கொட்டாயில் நின்றோம். அதன் பிறகு பலகைப் பாலத்தை அடுத்து எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு தோட்டம்.

கல்லருகே வந்ததும் செவலை நின்றது. கிராணி மனசில் என்ன நினைத்தாரோ தெரியாது, அது வந்த வழியே திரும்பிவிட்டது. அவர் கடிவாளத்தை இழுத்த இழுப்பில் அவர்தான் கால்வாயில் போய் விழுந்தார். கறுப்பும் திரும்பியது, வெள்ளையும் திரும்பியது. மறுபடி கொண்டுவந்தோம், மறுபடி திரும்பின. ஏழெட்டு தடவை. பின்னால் மூட்டையோடு வந்த அப்பா முன்னால் நின்று இழுத்தார், பின்னால் நின்று தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாரமாக நாங்கள் குதிரை ஓட்டவில்லை. துரை தினமும் போன சுற்றை அவை தாமாகப் போய்வந்தன. முதுகில் துரை இருந்தாலும் ஒன்றுதான், தலையணை இருந்தாலும் ஒன்றுதான். துரை எல்லைக்கல்லில் திரும்புவார், அவையும் திரும்பும்.

“ஒங்களுக்குத் தெரியாதாப்பா?” என்று கத்தினேன். எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

“நான் லாயத்த வுட்டு வந்தேனா? தொர எங்க போவாரு, எங்க திரும்புவாருன்னு நான் என்னத்தக் கண்டேன்? பதினோரு மணிக்குத் தண்ணியோட நிப்பேன், அவ்ளோதான்.” அப்பா கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உடனே வருத்தமாக இருந்தது. ஆனால் கோபம் விடவில்லை. அங்கே அக்காவுக்கு நாள் நெருங்குகிறது, நாங்கள் சொந்தத் தோட்டத்தையே தாண்டவில்லை.

அம்மா இறங்கினார். மருந்து மூட்டையைத் தலையில் வைத்தார். “எம் புள்ள அங்க ஒத்தையில கெடக்குறா. இதுங்க வந்தா வரட்டும், வராட்டி இங்கயே மேயட்டும்” என்று சொல்லிவிட்டு எல்லைக்கல்லைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார். திரும்பியே பார்க்கவில்லை. துரையின் காற்சட்டை சேலைக்குக் கீழே தெரிந்தது.

வெள்ளை லாயத்துப் பக்கம் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. அம்மாவின் மடியில்தானே கிழங்குத் தோல்! பத்துப் பதினைந்து எட்டு அவர் போனதும் அது கல்லைத் தாண்டி அவர் பின்னால் போய்விட்டது. மற்ற இரண்டும் வெள்ளையின் பின்னால் போயின. கிராணி சேற்றோடு எழுந்து, “நான் அதத்தான் நெனச்சேன்” என்றார்.

மூன்று நாளும் அப்படியே. அம்மா முன்னால் நடை, குதிரைகள் பின்னால். அம்மா ஏறினால் வெள்ளை நின்றுவிடும், அதனால் அவர் ஏறவே இல்லை. வழியில் எந்தத் தோட்டத்துப் பெரட்டைக் கண்டாலும் மூன்றும் போய் மரியாதையாக நின்றுவிடும். லயத்து ஜனங்கள், வெள்ளைக்காரத் துரை திரும்பிவிட்டார் என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். வந்து பார்த்தால், காற்சட்டை போட்ட அம்மா கிழங்குத் தோலைக் காட்டிக் குதிரையைக் கெஞ்சிக்கொண்டிருப்பார். ஒரு தோட்டத்தில் சிரித்தே எங்களுக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள்.

அக்காவுக்கு வலி எடுக்க இரண்டு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். அம்மாவின் பாதம் இரண்டும் வெடித்திருந்தன. அக்கா அம்மாவின் காற்சட்டையைப் பார்த்து முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஆண் குழந்தை பிறந்தது. திரைத்துணியில் சுற்றினோம். நல்லெண்ணெய் ஒரு சொட்டு வீணாகவில்லை.

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்து திரும்பினோம். கிராணி தன் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டார், நடக்க முடியாதென்று. வெள்ளையின் மேல் தலையணை போட்டு, அக்காவைக் குழந்தையோடு உட்காரவைத்தோம். இந்த முறை யாரும் முன்னால் நடக்க வேண்டியிருக்கவில்லை. முகம் லாயத்துப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், கிழங்குத் தோல் வேண்டாம், இழுக்க வேண்டாம், மூன்றும் தாமாக நடந்தன. எந்தப் பெரட்டிலும் நிற்கவில்லை. எங்கள் எல்லைக்கல்லைக் கண்டதும் வெள்ளை கனைத்துக்கொண்டு வேகமெடுத்தது, நான் கூடவே ஓட வேண்டியதாயிற்று.

லாயத்தில் அக்காவை இறக்கினோம். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் வெள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எப்பவும் இப்புடித்தான் திரும்பி வந்துடுமாப்பா?”

“எப்பவும்மா. ஒரு நாளும் தப்பாது.”

“அவர இதுமேல ஏத்தி அனுப்பியிருக்கலாம்” என்றாள் அக்கா.

அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார். நெடுநேரம் கிணற்றடியிலேயே நின்றார். அவரிடம் கத்தியதற்கு நான் அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அத்தான் திரும்பி வரவில்லை.