கிரில் கதவுக்கு வெளியே ஜாம்பி

மெட்டுகுடாவில் எங்கள் சந்தில் பட்டப்பகலில் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். சாவி என் இடுப்பில். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட மணி அடித்துத்தான் உள்ளே வர வேண்டும். நான் போய், யாரென்று பார்த்து, திறந்து, அவர் நுழைந்ததும் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். "ரெண்டாவது தடவை இழு, முதல் தடவை சரியா இழுக்கல" என்பார் கிண்டலாக. நான் இழுப்பேன்.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் குடும்பக் கஷ்டம் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால் ஒவ்வொரு பரீட்சைக்கும் எனக்கு வாந்தி வரும். கடைசியில் கணக்குப் பேப்பர் மேலேயே எடுத்துவிட்டேன். அதோடு சரி.

ஒரு ஜாம்பி படம் வந்தபோது என் மகன் பத்தாவது படித்தான். வெளிநாட்டுப் படம், தெலுங்கில் பேச வைத்து ஓட்டினார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து மற்றவர்களைக் கடிப்பார்களாம், கடிபட்டவர்களும் அப்படியே ஆகிவிடுவார்களாம். சந்துப் பையன்கள் எல்லோரும் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் ஜாம்பி மாதிரி காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். என் மகனை நான் விடவில்லை. போஸ்டர் ஒட்டிய சுவரைப் பார்த்துவிடப் போகிறானே என்று டியூஷனுக்குச் சுற்றுவழியில் அனுப்பினேன். இப்போது அவன் சனத்நகரில் எஞ்சினியர், ஆறடி ஆள். பேய்ப் படம் என்றால் எழுந்து போய்விடுவான். "உன்னாலதாம்மா" என்பான்.

அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் போலாரத்துக்காரி, தெலுங்குக் குடும்பம், கம்ப்யூட்டர் வேலை. நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும், பதில் தெலுங்கில் வரும். பிறந்ததிலிருந்து இந்தத் தெலுங்கு ஊர் என்பதால் எனக்கும் கஷ்டமில்லை. இங்கே அவள் பேச்சைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். என்னை அத்தம்மா என்பாள். நல்ல பெண், ஆனால் சத்தமே இல்லாத பெண். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடுவேன். பேசாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகன் வேலைக்குப் போயிருந்தான். துவைத்து மடித்த துணியை வைக்க அவள் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப், முகமெல்லாம் கண்ணீர். லேசான கலங்கல் இல்லை, மூக்கு சிவக்கிற அழுகை. துணியோடு அப்படியே திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் அழுதாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் சாம்பார் அவளுக்குச் சப்பென்று இருக்கிறதோ என்று புளிச்சக்கீரையில் காரமாகக் கோங்குரா பச்சடி அரைத்தேன். காலையில் மிக்ஸி சத்தம் தொந்தரவோ என்று அம்மியில் அரைத்துக் கையைக் காயப்படுத்திக்கொண்டேன். பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு இங்க பிடிக்கலங்க. பையனைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிடப் போறா."

"அவ சொன்னாளா?"

"சொன்னா நான் ஏன் கவலைப்படறேன்?"

"சொன்னாலும் படுவ, சொல்லலன்னாலும் படுவ." பேப்பரை மடித்து வைத்தார். "போய்க் கேளேன். உன்னைக் கடிச்சிடவா போறா?"

நாலாவது சனிக்கிழமை, தைரியத்துக்கு ஒரு தட்டில் மாங்காய்த் துண்டு போட்டு உப்பும் காரமும் தூவி எடுத்துக்கொண்டு போனேன். அதே அழுகை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "என்ன குறையா இருந்தாலும் சொல்லும்மா, மாத்திக்கறேன், சாம்பாரா இருந்தாலும் சரி."

அவள் ஹெட்போனைக் கழற்றி, "என்ன அத்தம்மா?" என்றாள். ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை.

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சுருக்கமாக, "ஏம்மா அழற?" என்று.

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் பாதி முகம் இல்லாத ஒரு ஆள் வாயைத் திறந்துகொண்டு நின்றான். நான் துள்ளி எழுந்ததில் தட்டு கையிலிருந்து நழுவி மாங்காயெல்லாம் படுக்கையில்.

அந்தப் போஸ்டரில் இருந்த அதே மூஞ்சி. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே படம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"ஆபீஸ்ல வாரம் முழுக்கத் தலை வெடிக்கும். சனிக்கிழமை இதைப் போட்டு, ஒரு இடம் வரும், அங்க நல்லா அழுவேன். லேசாயிடும்" என்றாள் மாங்காயைப் பொறுக்கிக்கொண்டே. "உட்காருங்க, முதல்லயிருந்து போடறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று மாதத்தில் அவள் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெரிய கடைக்குள் ஏழெட்டுப் பேர் ஒளிந்திருக்கிறார்கள். வெளியே அதுகள். முதல் கால் மணி நேரம் விரல் இடுக்கில்தான் பார்த்தேன். பிறகு என்னை அறியாமல் கையை எடுத்துவிட்டேன். அந்த முட்டாள்களின் லட்சணம் அப்படி.

"பின் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாங்களா?"

"இல்ல அத்தம்மா."

"பின்ன ஏன் ரொட்டி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க? அந்த மாடி ஜன்னல்? ஐயோ, பூட்டிட்டு இழுத்தே பார்க்கல பாரு இவன்."

நான் சொல்லி வாய் மூடவில்லை, பூட்டு கழன்று அதுகள் உள்ளே வந்தன. அவள் படத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் அந்த நேரத்தில் எழுந்து போய் நம் கிரில் பூட்டை ஒரு தடவை இழுத்துவிட்டு வந்தேன். ஹாலில் வீட்டுக்காரர், "அதுங்க மெட்டுகுடா வரைக்கும் வந்தாச்சா?" என்றார்.

அவள் அழுகிற இடம் வந்தது. கடையின் கிழட்டு வாட்ச்மேனை ஒரு ஜாம்பி கடித்துவிடுகிறது. அவன் சட்டைக் கையை இறக்கிக் காயத்தை மறைத்துக்கொண்டு எல்லோரையும் உள்ளே அனுப்புகிறான். தான் மட்டும் வெளியே நின்று, பூட்டி, இழுத்துப் பார்த்து, கம்பி வழியாகச் சாவியை உள்ளே நீட்டுகிறான். படத்திலேயே அவன் ஒருத்தன்தான் இழுத்துப் பார்த்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டோம்.

"நீங்க அந்தக் கடையில இருந்திருந்தா யாருமே செத்திருக்க மாட்டாங்க" என்றாள். பாராட்டுத்தான். பெருமையாகத் தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே அவள் சேர்த்துச் சொன்னாள்: "ஆனா பாதிப் பேர் மணி அடிச்சுக்கிட்டு வெளியவே நின்னிருப்பாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "சும்மா சொன்னேன் அத்தம்மா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. நான் குளித்துவிட்டு வரும்வரை மழையில் பையோடு நின்றாளே. விளக்கேற்றிக்கொண்டிருந்தேன் என்று பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தேனே. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சாம்பாரும் இல்லை, மிக்ஸியும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வீடு கொடுத்தேன், கதவைக் கொடுக்கவில்லை.

சமையலறைக்குப் போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டேன். இரண்டாவது சாவி அங்கேதான், பிளாஸ்டிக் பையில் சுற்றி, முழங்கை ஆழத்தில். திருடன் அரிசியில் தேட மாட்டான் என்று என் கணக்கு. வீட்டுக்காரருக்கே அப்படியொரு சாவி இருப்பது தெரியாது. பையைப் பிரித்து, சாவியை முந்தானையில் துடைத்து அவள் கையில் வைத்தேன்.

"தொலைச்சிடாத. ஆபீஸ் பையில உள்ஜிப்ல வை. வெளிஜிப் நக்கோ, வேண்டவே வேண்டாம்."

"ஹவ், சரி" என்றாள். சாவியை மூடிய கையைக் கொஞ்ச நேரம் திறக்கவேயில்லை.

"முப்பத்தோரு வருஷமா மணி அடிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து. "நானும் ஏதாவது ஜாம்பி படம் பார்த்து அழணுமா?"

கவலை என்னைவிட்டு எங்கே போகும்? அவள் வந்து தானே பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் இன்னும் எனக்குத் திக்கென்கிறது. சமையலறையிலிருந்து, "யாரது?" என்று கத்துவேன். பதில் வராது. காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தமும், தொண்டையிலிருந்து ஒரு உறுமலும்தான் வரும்.

"பூட்டிட்டியா?" என்பேன்.

உறுமல்.

"இழுத்துப் பார்த்தியா?"

கொஞ்சம் நிதானித்து, ஜாம்பி திரும்பிப் போகும். பூட்டு இரண்டு தடவை கடகடக்கும்.