கையில் நின்ற அப்பம்

போன ஞாயிறு காலை நான் ஒரு மாதா கோயிலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் ஐயங்கார், நெற்றியில் பளிச்சென்று நாமம். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு, சிரித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

எல்லாம் எங்கள் மாடியில் குடியிருக்கும் சாமுவேலால் வந்தது. நாசரேத் பக்கத்துப் பையன், வல்லம் வடகாலில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. புராட்டஸ்டன்ட். அவன் விரும்பும் பிலோமினா செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பெண். கத்தோலிக்கர். மாப்பிள்ளையைப் பார்க்க அவள் அப்பா அந்தோணி வந்திருந்தார். கார் என்னுடையது என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"எம்மவளுக்குப் பூச வச்சுத்தான் கல்யாணம். அதுல மட்டும் பேச்சே கெடையாது" என்றார் வழியிலேயே.

இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தானே, இதில் என்ன சிக்கல்? நானும் அப்படித்தான் நினைத்தேன்...

பூசையில் அப்பம் வழங்கும் நற்கருணை நேரம் வந்தது. எல்லோரும் எழுந்து வரிசையில் போக, சாமுவேலும் வருங்கால மாமனார் பின்னால் போய்விட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா தலையாட்டித் தடுத்ததை அவன் பார்க்கவில்லை.

பாதிரியார் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு நகர வேண்டுமாம். இவனோ ஓரமாக நின்றுவிட்டான். அவனுடைய கோயிலில் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். கிண்ணம் வரும் என்று காத்திருக்கிறான். அன்று அங்கே கிண்ணம் வருவதாக இல்லை.

"இன்னாப்பா, கையிலயே வச்சிகினு நிக்கிற... வாயில போடு" என்றார் பின்னால் வந்த உள்ளூர்க்காரர்.

பாதிரியார் திரும்பினார். "தம்பி, நீங்க கத்தோலிக்கரா?"

"இல்ல ஃபாதர். புராட்டஸ்டன்ட்."

அவர் கையை நீட்டினார். சாமுவேல் அப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க வெறுங்கையோடு நடந்து வந்தான். எனக்கு மனசே சரியில்லை. கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பாதிரியாரே எங்களைத் தேடி வந்தார். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு? வாய் சும்மா இருந்தால்தானே.

"இந்தப் பையன் வாங்கின ஞானஸ்நானம் உங்ககிட்ட செல்லாதா ஃபாதர்?"

"நல்லா செல்லும் சார். நற்கருணைப் பந்திதான் இன்னும் ஒண்ணாகல. சபைகள் சேர்ந்த பிறகுதான் ஒரே பந்தின்னு எங்க சபை சொல்லுது."

"சேந்து சாப்பிட்டாத்தான ஃபாதர் சேர முடியும்?" என்றாள் பிலோமினா.

"ரோமாபுரியிலயே இதைத்தாம்மா இன்னும் பேசிட்டிருக்காங்க."

இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது எனக்கு. நான் தென்கலை, மனைவி வடகலை. ஒரே பெருமாள்தான் — கல்யாணப் பத்திரிகையில் எந்த நாமம் அச்சடிப்பது என்று இரண்டு அப்பாக்களும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். தூரத்தில் இருப்பவனிடம் நமக்கென்ன சண்டை? பக்கத்தில் இருப்பவனிடம்தானே எல்லாம்.

அந்தோணி மெதுவாகக் கேட்டார். "பூச வச்சு கல்யாணம் முடிக்கலாமா சாமி?"

"பிஷப் அனுமதியோட வைக்கலாம். ஆனா நற்கருணை பொண்ணுக்கு மட்டும்தான். அதனாலதான் இந்த மாதிரிக் கல்யாணத்தைப் பெரும்பாலும் பூசை இல்லாம நடத்துறோம்."

அந்தோணியின் முகம் சுருங்கிவிட்டது. ஒரே மகள்.

"நான் வேணா கத்தோலிக்கத்துக்கு மாறிருதேன் மாமா" என்றான் சாமுவேல்.

"அப்பத்துக்காவ மாறுவியாலே?" அந்தோணி அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பாதிரியாரிடம் திரும்பினார். "பூச வேண்டாம் சாமி. கல்யாணத்தன்னைக்கு இந்தப் பிள்ளைய வெறுங்கையோட நிக்க வைக்க என்னால முடியாது."

பிலோமினா அழுதேவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே வரிதான் சொன்னாள்...

"நம்ம கல்யாணத்துக்கு இந்த அந்தோணியை யாருமே அழைக்காம விட்டுட்டாளே!"